ஹெக்டரின் பிரியாவிடை: ஓர் ஓவியமும் அதன் காலமும்

போரைப் பாடும் காவியங்களிற் கற்போர் நெஞ்சை விட்டகலாது நிற்பவை பெரும்பாலும் போருக்குச் செல்வோன் தன் இல்லத்தாரிடம் விடைபெறும் காட்சிகளே. கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய இலியட் 24 காண்டங்களையுடையது. தேர்கள் மோதுவதும், ஈட்டிகள் பாய்வதும், வீரர் மண்ணிற் சாய்வதும் அக்காவியம் முழுவதிலும் விரவிக் கிடக்கின்றன. ஆயினும் அதனை ஒருமுறை கற்றோர் எவரும் மறவாத பகுதி ஆறாங் காண்டத்தின் இறுதியில் வருவது. துரோய் நகரின் காவலனாகிய ஹெக்டர், தன் மனைவி அந்திரோமக்கியையும் கைக்குழந்தையையும் நகர வாயிலிற் கண்டு, சில சொற்கள் பேசி, மீண்டும் களம் புகுவதே அப்பகுதியாகும்.

ஐரோப்பிய ஓவியர் பலர் இக்காட்சியை 18-ஆம் நூற்றாண்டில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டியுள்ளனர். அவர்தம் படங்களுள், 1768-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஆஞ்செலிக்கா கௌவ்மன் என்னும் பெண் ஓவியர் தீட்டிய படம் தனியே வைத்து எண்ணத்தக்கது. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியிலுள்ள சோல்ட்ரம் மாளிகைக்கு உரியது அப்படம். அதன் அழகை வியத்தலோடு அமையாது, அது எக்காலத்தில், எத்தகைய கட்டுப்பாடுகளினிடையே, யாராற் படைக்கப்பட்டது என்பவற்றை ஆராயுமிடத்து, அஃது ஒரு வரலாற்றுச் சான்றாகவும் விளங்குவதைக் காணலாம். அவ்வாராய்ச்சிக்குப் புகுமுன் ஹோமர் காட்டும் காட்சியைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும்.

கிரேக்கர் படை துரோயரை நெருக்கிய வேளையில், அத்தேனா தேவிக்கு ஆடை சாத்தி வழிபடுமாறு நகரப் பெண்டிருக்கு அறிவித்தற்பொருட்டு ஹெக்டர் களத்தை நீங்கி நகருள் வருகின்றான். தாய் ஹெக்கூபா மது கொடுத்து இளைப்பாறச் சொல்கின்றாள், அவன் மறுக்கின்றான். போர் மூளக் காரணனாகிய தம்பி பரிஸ் தன் மாளிகையில் ஆயுதங்களைச் சீர்செய்தவண்ணம் இருக்கக் கண்டு கடிந்துரைக்கின்றான். பின்னர்த் தன் இல்லம் செல்கின்றான். மனைவி ஆங்கில்லை. துரோயர் தளர்கின்றனர் என்னும் செய்தி செவிப்பட்டதும், அவள் பித்துற்றவள்போலக் கோட்டை மதிலை நோக்கி விரைந்தாள் என்று பணிப்பெண் கூறுகின்றாள். வந்த வழியே திரும்பிய ஹெக்டர் நகர வாயிலை அணுகும்போது, அந்திரோமக்கி அவன் எதிரே ஓடி வருகின்றாள். குழந்தையை மார்பில் அணைத்த செவிலி அவள் பின்னே வருகின்றாள்.

அந்திரோமக்கியின் பேச்சு வெறும் அழுகையன்று. அவள் தன் வரலாற்றைக் கூறுகின்றாள். அவளுடைய தந்தை தீபை என்னும் நகரின் அரசன். அவனையும் அவள் உடன்பிறந்தார் எழுவரையும் கொன்றவன் அக்கிலீஸ் என்னும் கிரேக்க வீரன். சிறைபிடிக்கப்பட்ட தாய் மீட்கப்பட்டபின் இறந்தாள். ஆகவே தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் இழந்த தனக்கு அவர் அனைவருமாக இப்பொழுது கணவன் ஒருவனே உள்ளான் என்கின்றாள். அதனோடும் அவள் நிற்கவில்லை. கோட்டை மதில் எளிதில் ஏறத்தக்கதாயுள்ள இடம் காட்டத்தி மரத்தின் அருகே இருப்பதாகவும், பகைவரின் தலைவர்கள் ஆங்கு மும்முறை முயன்று பார்த்ததாகவும், படையை அவ்விடத்தே நிறுத்துவதே தக்கதென்றும் அவள் எடுத்துரைக்கின்றாள். மதிலின்மேல் நின்று களத்தைக் கூர்ந்து பார்த்தவளின் சொல் அது. காவியத்திற் பெண்ணொருத்தி போர்முறை பற்றிப் பேசும் இவ்விடம் பழைய உரைகாரர் சிலருக்கு ஒவ்வாததாயிற்று. அவ்வரிகள் ஹோமருடையன அல்ல என்று விலக்கவும் அவர்கள் முற்பட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஹெக்டர் அவளுடைய அச்சத்தைப் பொய்யென்று கூறினானல்லன். துரோய் ஒருநாள் வீழும் என்பதைத் தானும் அறிவதாகக் கூறுகின்றான். ஆயின் களத்தினின்றும் பின்வாங்குதல் தனக்கு நாணம் என்கின்றான். நகரின் வீழ்ச்சியினும், பெற்றோரின் முடிவினும், தன்னை மிகுதியும் வருத்துவது மனைவியின் எதிர்காலமே எனவும் சொல்கின்றான். அந்நிய நாட்டிற் பிறள் ஒருத்தியின் தறியில் நெய்தும், ஊற்று நீர் சுமந்தும் அவள் அடிமையாய் வாழ நேரும் என்பதையும், அவளைக் காண்போர் இவளே ஹெக்டரின் மனைவி என்று சுட்டிக் கூறுவர் என்பதையும் அவன் முன்னரே காண்கின்றான்.

இவ்வளவில், துன்பத்தின் உச்சியில், ஹோமர் காட்சியைத் திடீரென மாற்றுகின்றார். ஹெக்டர் குழந்தையைத் தூக்கக் கை நீட்ட, அக்குழந்தை தந்தையின் தலைச்சீராவில் அசையும் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு வெருண்டு செவிலியின் மார்பில் முகம் புதைத்து அலறுகின்றது. தாயும் தந்தையும் சிரித்துவிடுகின்றனர். தந்தை தலைச்சீராவைக் கழற்றி நிலத்தில் வைக்கின்றான். குழந்தையை முத்தமிட்டுக் கையிலேந்தி, இவன் தந்தையினும் மேம்பட்டவன் என்று பிறர் சொல்லுமாறு வளர வேண்டுமெனத் தேவர்களை வேண்டுகின்றான். பின்பு குழந்தையை மனைவியின் கையிற் கொடுக்கின்றான். அவள் கண்ணீரினூடே முறுவலித்து அதனை ஏற்கின்றாள். மனம் இளகிய ஹெக்டர் அவளைத் தடவி ஆறுதல் கூறி, வீடு சென்று தறியையும் கதிரையும் கவனிக்குமாறும், போர் ஆடவரின் பொறுப்பு என்றும் சொல்லி அனுப்புகின்றான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் செல்கின்றாள். வீட்டிலுள்ள பெண்டிரெல்லாம் ஹெக்டர் உயிரோடிருக்கும்போதே அவனுக்காக ஒப்பாரி வைக்கின்றனர்.

இக்காட்சியில் இரு குரல்கள் உள்ளன. ஒன்று, நாட்டின் பொருட்டுத் தன்னைக் கொடுக்கும் வீரனின் குரல். மற்றையது, அக்கொடையின் விலையைக் கொடுக்கப்போகும் பெண்ணின் குரல். ஹோமர் இரண்டையும் சமமாகக் கேட்கச் செய்தார். பின்வந்த காலங்கள் இவ்விரண்டனுள் எதனைக் கேட்டன என்பதே இக்காட்சியின் வரலாறு எனலாம்.

இக்காட்சியை ஓவியமாகத் தீட்டும் வழக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. புளூட்டாக் என்னும் வரலாற்றாசிரியர் உரோமானியத் தலைவன் புரூட்டசின் வாழ்க்கையைக் கூறுமிடத்து ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கின்றார். கி. மு. 44-இல் சீசர் கொலையுண்டபின், புரூட்டஸ் இத்தாலியை நீங்கத் துணிந்து இலேயா என்னும் கடற்கரை நகரை அடைந்தான். ஆங்கிருந்து அவன் மனைவி போர்சியா உரோமுக்குத் திரும்பவேண்டியிருந்தது. அவள் தன் துயரத்தை எவருக்கும் காட்டாது அடக்கியிருந்தாள். ஆயின் ஆங்கிருந்த ஓர் ஓவியம் அவளைக் காட்டிக்கொடுத்தது. அந்திரோமக்கி கணவனிடமிருந்து குழந்தையைப் பெறும்போது கண்களை அவன்மீதே பதித்து நிற்பதைக் காட்டிய ஓவியம் அது. அதனைக் கண்டதும் போர்சியா கண்ணீர் உகுத்தாள்; ஒரே நாளிற் பன்முறை அதன்முன் சென்று நின்று அழுதாள். உடனிருந்த நண்பன் ஒருவன் அந்திரோமக்கியின் சொற்களை எடுத்தோதினான். அதற்குப் புரூட்டஸ் முறுவலித்து, ஹெக்டர் தன் மனைவிக்குக் கூறிய விடையைத் தான் போர்சியாவுக்குக் கூறப்போவதில்லை என்றான். உடல் வலிமையில் ஆடவருக்கு நிகராகாவிடினும், நாட்டுப் பற்றில் அவள் தம்மை ஒத்தவளே என்பது அவன் கருத்து. தறிக்குச் செல் என்ற சொல்லைச் சொல்ல மறுத்த ஒருவனை நாம் இங்குக் காண்கின்றோம்.

இனி, 18-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். அந்நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியக் கழகங்கள் ஓவியங்களைத் தரவரிசைப்படுத்தி வைத்திருந்தன. பழங்களையும் பாத்திரங்களையும் தீட்டுவது கீழ்ப்படி. அதன் மேலே நிலக்காட்சி. அதற்கும் மேலே உருவப்படம். எல்லாவற்றுக்கும் மேலே வரலாற்று ஓவியம். வரலாறு என்ற சொல்லில் அக்காலத்தார் நடந்த நிகழ்ச்சிகளை மட்டுமன்றி, வேதாகமக் கதைகளையும் கிரேக்க உரோமானியப் பழங்கதைகளையும் அடக்கினர். மனிதனின் உயரிய செயலைக் காட்டிக் காண்போனைப் பண்படுத்துவதே அதன் நோக்கம் எனக் கருதப்பட்டது.

இவ்வகை ஓவியத்துக்கு ஹோமரினும் சிறந்த களஞ்சியம் வேறில்லை. அலெக்சாந்தர் போப் என்னும் கவிஞர் இலியட்டை ஆங்கிலச் செய்யுளாக்கி 1715-ஆம் ஆண்டு முதல் 1720-ஆம் ஆண்டு வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். கிரேக்கம் அறியாத ஆங்கிலேயரும் ஹெக்டரை அதனால் அறிந்தனர். பிரான்சில் கேலஸ் பிரபு, ஹோமரின் காவியங்களில் ஓவியத்துக்கேற்ற காட்சிகள் எவை என்பதைத் தொகுத்து 1757-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் விங்கிள்மன், 1755-இல் வெளிவந்த தம் நூலில், கிரேக்கக் கலையின் உயிர் அதன் மேன்மைமிக்க எளிமையும் அமைதி நிறைந்த பெருமையுமே என்று நிலைநாட்டினார். துயரத்தைக் காட்டினும் அலறலைக் காட்டாமையே உயர்ந்த கலை என்ற கொள்கை இவரால் வலுப்பெற்றது.

மற்றோர் அறிஞரையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். லெசிங் என்பவர் 1766-இல் வெளியிட்ட லாவோகூன் என்னும் நூலிற் கவிதைக்கும் ஓவியத்துக்குமுள்ள எல்லையை வரையறுத்தார். கவிதை காலத்தில் நிகழ்வது. ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களைக் கூறவல்லது. ஓவியம் இடத்தில் நிற்பது. ஒரேயொரு கணத்தையே அது காட்டவல்லது. ஆதலின் முன் நிகழ்ந்ததையும் பின் நிகழப்போவதையும் தன்னுள் அடக்கிய கணத்தை ஓவியன் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஹெக்டரின் பிரியாவிடையைத் தீட்டப் புகும் எவருக்கும் இதுவே முதல் இடர்ப்பாடு. குழந்தை அஞ்சுவதைக் காட்டினால் இன்பம் மிகும். தந்தை தேவரை வேண்டுவதைக் காட்டினால் வீரமும் பெருமிதமும் மிகும். கணவனும் மனைவியும் பிரிவதைக் காட்டினால் துயரம் மிகும். மூன்றையும் ஒரு துணியில் அடக்குதல் இயலாது. ஓவியர் எதனைத் தேர்ந்தார் என்பது அவர் எக்குரலைக் கேட்டார் என்பதையும் காட்டிவிடும்.

ஆஞ்செலிக்கா கௌவ்மன் 1741-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் தேதி, இன்று சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கூர் நகரிற் பிறந்தார். தந்தை யோகான் யோசெப் கௌவ்மன் ஒஸ்திரியாவின் போரல்பேர்க் பகுதியைச் சேர்ந்தவர். ஊரூராகச் சென்று மாதாகோவில்களுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் படம் தீட்டி வாழ்ந்தவர். மகளுக்கு முதல் ஆசிரியரும் அவரே. ஆஞ்செலிக்கா இளமையிலேயே இசையிலும் ஓவியத்திலும் வல்லவராயிருந்தார். இவ்விரண்டனுள் எதனைக் கைக்கொள்வது என அக்காலத்தில் தாம் தயங்கி நின்ற நிலையைப் பல ஆண்டுகள் கழித்து ஓர் ஓவியமாகவே தீட்டினார். தந்தையுடன் இத்தாலி சென்று பழஞ் சிற்பங்களையும் ஓவியங்களையும் பயின்றார். 1764-இல் உரோமில் விங்கிள்மனின் உருவப்படத்தைத் தீட்டினார். 1765-இல் அந்நகரின் புனித லூக்கா கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1766-இல் இலண்டனை அடைந்தார். ஆங்கு ஓவியர் தலைவராக விளங்கிய ஜோசுவா றெனோல்ட்ஸின் நட்பும் பெருஞ் செல்வரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தன.

இலண்டன் வாழ்வின் தொடக்கத்தில் அவர் ஒரு பெருந் துன்பத்துக்கும் ஆளானார். தன்னைப் பிரபு என்று பொய் கூறித் திரிந்த ஒருவனை 1767-இல் இரகசியமாக மணந்தார். அவனுடைய வஞ்சகம் வெளிப்பட்டபின் அடுத்த ஆண்டில் அவனைப் பிரிந்தார். ஹெக்டர் படம் தீட்டப்பட்டதும் அதே ஆண்டாதலின், அந்திரோமக்கியின் துயரத்தில் ஓவியரின் சொந்தத் துயரத்தைக் காண முற்படுவோர் இருக்கலாம். அஃது ஊகமேயன்றிச் சான்றாகாது. அவருடைய தொழில் வாழ்க்கையில் அவர் நின்ற நிலையோ ஊகத்துக்கு இடமின்றித் தெளிவாகவே உள்ளது. அதனையே இனிக் காண்போம்.

1768-ஆம் ஆண்டு டிசெம்பர் 10-ஆந் தேதி, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஆதரவில் இலண்டனில் றோயல் அக்கடமி என்னும் அரச கலைக்கழகம் நிறுவப்பட்டது. றெனோல்ட்ஸ் அதன் முதற் தலைவரானார். நிறுவன உறுப்பினருள் இருவரே பெண்கள். ஒருவர் மலர்களைத் தீட்டுவதிற் புகழ்பெற்ற மேரி மோசர். மற்றவர் ஆஞ்செலிக்கா கௌவ்மன்.

கழகத்தின் முதற் கண்காட்சி 1769-ஆம் ஆண்டு இலண்டன் பல் மல் வீதியில் நடைபெற்றது. வரலாற்று ஓவியமே தலையாயது என்று கழகம் போதித்தபோதிலும், அக்கண்காட்சியில் மிகுதியாக இருந்தவை உருவப்படங்களும் நிலக்காட்சிகளுமே. ஆங்கிலச் செல்வர் தம் முகத்தைத் தீட்டுவிக்கப் பொருள் கொடுத்தனர். கிரேக்க வீரருக்குப் பொருள் கொடுப்போர் அரியர். இத்தகைய சூழலிற் கௌவ்மன் நான்கு வரலாற்று ஓவியங்களை அனுப்பினார். ஹெக்டர் அந்திரோமக்கியிடம் விடைபெறுதல் ஒன்று. பெண் வேடத்தில் மறைந்திருந்த அக்கிலீசை ஒடிசியஸ் கண்டறிதல் இரண்டு. ஈனியஸ் முன் வீனஸ் தேவி தோன்றி வழிகாட்டுதல் மூன்று. ஒடிசியசின் மனைவி பெனலோப்பி கணவனின் வில்லை எடுத்தல் நான்கு. கிரேக்க உரோமானியக் காவிய மரபினின்றும் எடுக்கப்பட்ட இந்நான்கில் எதிலும் போர்க்களம் இல்லை. பெரும்பாலும் போருக்கு முன் நிகழ்வதும், போர் முடிந்தபின் நிகழ்வதும், போருக்குச் சென்றவனைக் காத்திருத்தலுமே அவற்றின் பொருளாயின.

அதே கண்காட்சியில் வேறொரு பிரியாவிடையும் இடம்பெற்றிருந்தது. அமெரிக்காவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய பெஞ்சமின் வெஸ்ட், மன்னரின் கட்டளைப்படி தீட்டிய றெகுலஸ் உரோமை நீங்குதல் என்னும் ஓவியமே அது. கார்த்தேஜ் நாட்டாராற் சிறைபிடிக்கப்பட்ட உரோமானியத் தளபதி றெகுலஸ், சமாதானத் தூதனாகத் தன் நாட்டுக்கு அனுப்பப்பட்டான். சமாதானம் வேண்டாவென்று தன் நாட்டாருக்கே அறிவுரை கூறிவிட்டு, கொடுத்த வாக்குப்படி மரணத்தை ஏற்கச் சிறைக்குத் திரும்பினான் என்பது கதை. வெஸ்ட் இதனைப் பெருங் கட்டடங்களின் முன், மக்கள் திரளின் நடுவே நிகழ்வதாகத் தீட்டினார். மனைவி மூர்ச்சித்துச் சாய்கின்றாள். றெகுலசோ உறுதி குலையாது நிற்கின்றான். கடமை குடும்பத்தை வெல்வதே அப்படத்தின் பாடம். குடும்பம், வெல்லப்படவேண்டிய ஒரு தடையாக ஓரத்தில் நிற்கின்றது.

கௌவ்மனின் படம் இதற்கு நேர்மாறான அமைப்புடையது. திரண்ட கூட்டம் இல்லை, உருவங்கள் சிலவே. நகர வாயிலருகே ஹெக்டர் போர்க்கோலத்தில் நிற்க, அந்திரோமக்கி அவன்பாற் சாய்ந்து நிற்கின்றாள். இருவர் கைகளும் இணைந்துள்ளன. செவிலி குழந்தையை ஏந்தி அருகே நிற்கின்றாள். குழந்தையின் அச்சத்தையும் தந்தையின் வேண்டுதலையும் விடுத்து, கணவனும் மனைவியும் இன்னும் பிரியாதிருக்கும் கணத்தையே ஓவியர் தேர்ந்தார். அவளுடைய துயரம் அலறலாக வெளிப்படவில்லை. விங்கிள்மன் போற்றிய அமைதியுள் அடங்கி நிற்கின்றது. வெஸ்டின் படத்தில் மனைவி நினைவிழந்தவள். இங்கோ அவள் நினைவோடு நின்று, நடக்கப்போவதை அறிந்தே கணவனின் கையைப் பற்றியிருக்கின்றாள். வீரனும் அவன் மனைவியும் படத்தின் நடுவிடத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஹோமர் இருவருக்கும் அளித்த சமநிலையை இப்படம் மீட்டுத் தருகின்றது எனின் அது மிகையாகாது.

இத்தேர்வுக்கு உளப்பாங்கு மட்டுமே காரணமென்று கொள்ளுதல் பொருந்தாது. வரலாற்று ஓவியனுக்கு மனித உடலின் அமைப்பை நன்கறிதல் இன்றியமையாதது. அதன்பொருட்டு ஆடையின்றி நிற்கும் ஆடவரைப் பார்த்து வரையும் வகுப்பைக் கழகங்கள் நடத்தின. இலண்டன் கழகத்திலும் அவ்வகுப்பு நடைபெற்றது. பெண்களுக்கு அதில் இடமில்லை. கழகத்தின் நிறுவன உறுப்பினராகிய கௌவ்மனுக்கும் இல்லை. ஆகவே அவர் பழஞ் சிற்பங்களையும், அச்சுப்படங்களையும், ஆடையணிந்த உருவங்களையும் கொண்டே பயிலவேண்டியதாயிற்று. புரண்டு மோதும் வெற்றுடல்கள் நிறைந்த போர்க்களத்தைத் தீட்டும் பயிற்சி அவருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட வாயிலிற் காத்து நில்லாது, கவசமும் ஆடையும் பூண்டோர் நிற்கும் வேறொரு வாயிலை, ஹெக்டரின் நகர வாயிலை, அவர் தேர்ந்துகொண்டார்.

இவ்விலக்கினைக் கண்ணாற் காட்டும் ஓவியம் ஒன்று உண்டு. ஜோகான் சொபனி என்பவர் 1771-ஆம் ஆண்டுக்கும் 1772-ஆம் ஆண்டுக்கும் இடையில் கழக உறுப்பினர் பலரையும் ஒருங்கே தீட்டினார். வரைதல் வகுப்பில் அவர்கள் கூடியிருக்கின்றனர். முன்னே மாதிரியாக நிற்கும் ஆடவர் உளர். கூடியிருப்போரிற் பெண்கள் எவருமிலர். கௌவ்மன், மோசர் ஆகிய இருவரும் சுவரில் தொங்கும் இரு உருவப்படங்களாக மட்டுமே காட்டப்பட்டுள்ளனர். உறுப்பினர் என்பதை மறுக்கவும் இயலவில்லை. அறையினுள் விடவும் இயலவில்லை. ஆகவே அவர்கள் சுவரிற் படமாயினர். தறிக்குச் செல் என்ற ஹெக்டரின் சொல்லை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின், கழகமும் தன் முறையிற் சொல்லிற்று எனலாம்.

கௌவ்மன் தீட்டிய ஆடவர் வலிமை குன்றியவர், பெண்மை மிக்கவர் என்னும் குறை அவர் காலத்திலேயே கூறப்பட்டது. இக்குறையை முற்றாக மறுத்தல் நேர்மையாகாது. அவருடைய வீரரின் உடலில் தசைத் திண்மை குறைவே. ஆயின் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பயிற்சியை மறுத்தோரே பயிற்சியின்மையைக் குறையாகக் கூறுதல் முறையன்று. இரண்டாவது, இவ்வோவியத்தில் அம்மென்மை கதைக்கு இயைந்தே நிற்கின்றது. ஹோமரின் ஹெக்டர் இக்காட்சியில் தலைச்சீராவைக் கழற்றியவன். குழந்தையைக் கையில் ஏந்தியவன். மனைவியின் நிலைகண்டு இளகியவன். பகைவரை எதிர்க்கும் ஹெக்டரைத் தீட்டாது, இளகி நிற்கும் ஹெக்டரைத் தீட்டியவரிடம் இளக்கத்தைக் குறையாகக் காண்பது பொருந்துமா என்பதை அறிஞர் சிந்தித்தல் தகும்.

பின்வந்த ஓவியர் சிலரை ஒப்புநோக்கினால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். உருசிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத் தலைவராயிருந்த அந்தோன் லொசென்கோ 1773-இல் இதே காட்சியைத் தீட்டினார். அவ்வாண்டிலேயே அவர் இறந்தமையால் அது முற்றுப்பெறவில்லை. ஓங்கிய தூண்களின் முன், வீரரும் ஏவலரும் சூழ, நாடக மேடையில் நிகழ்வதுபோல அவர் அதனை அமைத்தார். வீட்டின் பிரிவு நாட்டின் சபதமாக மாறிவிட்டது. பிரான்சிற் டாவிட் 1783-இல் அந்திரோமக்கி ஹெக்டரின் சடலத்தருகே புலம்புவதைத் தீட்டி, அதனைக் கொண்டே அரச கழகத்தின் உறுப்பினரானார். அடுத்து அவர் தீட்டிப் பெரும்புகழ் பெற்ற ஹொரேசியரின் சபதம் என்னும் படத்தில் ஆடவர் ஒருபுறம் வாளை நோக்கிக் கை நீட்டிச் சூளுரைக்க, பெண்கள் மறுபுறம் தளர்ந்து அமர்ந்துள்ளனர். டாவிட்டின் ஆசிரியராகிய வியன் 1786-இல் ஹெக்டரின் பிரியாவிடையையே பெரும் படமாகத் தீட்டினார். பிரான்சில் அரசியற் புயல் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நாட்டுக்காக உயிர்விடுதலை ஓவியம் கற்பித்த காலத்தில், ஹெக்டரின் குரல் ஓங்கி, அந்திரோமக்கியின் குரல் மெலிந்தமை வியப்பன்று. அவள் அழுபவளாக எஞ்சினாள். மதிலின் நலிந்த இடத்தைச் சுட்டிக்காட்டியவளாக எவரும் அவளை நினைக்கவில்லை.

கௌவ்மனின் நான்கு ஓவியங்களையும் வாங்கியவர் சோல்ட்ரம் மாளிகையின் உரிமையாளரும், றெனோல்ட்ஸின் நண்பருமாகிய ஜோன் பாக்கர். ஹெக்டர் படம் அச்சுப்படமாகவும் பரவியது. 1781-இல் கௌவ்மன் அந்தோனியோ சூக்கி என்னும் ஓவியரை மணந்து இத்தாலி திரும்பினார். உரோமில் அவர் இல்லம் அறிஞர் கூடும் இடமாயிற்று. ஜெர்மானியக் கவிஞர் கேத்தேயும் அவருடைய நண்பரானார். 1807-ஆம் ஆண்டு நவெம்பர் 5-ஆந் தேதி அவர் காலமானபோது, சிற்பி கனோவா இறுதி ஊர்வலத்தை ஒழுங்குசெய்தார். அவ்வூர்வலத்தில் அவர் தீட்டிய இரு ஓவியங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. சோல்ட்ரம் மாளிகை 1957-இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அவருக்கு அரைகுறையாகத் திறந்த வாயில், பின்வந்த பெண்களுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. கழகத்தின் பள்ளியில் முதன்முதலாக ஒரு பெண் சேர்ந்தது 1860-இல். லோறா ஹேர்வட் என்னும் அப்பெண், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டு வரைபடங்களை அனுப்பியமையால், ஆடவர் எனக் கருதப்பட்டே தேறினார். மனித உருவை நேரிற் பார்த்து வரையும் வகுப்பு, அதுவும் ஓரளவு ஆடையணிந்த மாதிரியோடு, பெண் மாணவருக்குக் கிடைத்தது 1893-இல். நிறுவன காலத்து இருவருக்குப்பின் முழு உறுப்பினராகப் பெண்ணொருவர் தெரிவானது 1936-இல். அவர் லோறா நைற். கௌவ்மன் தம் நான்கு படங்களைக் காட்சிக்கு அனுப்பியதற்கும் இதற்கும் இடையே 167 ஆண்டுகள் கழிந்தன.

இலியட் காவியத்துக்கு மீண்டும் சென்று இவ்வாராய்ச்சியை நிறைவுசெய்வோம். கணவன் சொன்னவாறே அந்திரோமக்கி தறிக்குச் சென்றாள். இருபத்திரண்டாங் காண்டத்தில் ஹெக்டர் மதிலின் புறத்தே வீழ்த்தப்படும் வேளையில், அவள் வீட்டின் உள்ளறையில் நெய்துகொண்டிருக்கின்றாள். களத்தினின்று மீள்பவனுக்காக நீர் காய்ச்சுமாறு பணிப்பெண்களை ஏவியிருக்கின்றாள். மதிலினின்றும் எழுந்த ஓலம் செவிப்பட, நெசவுக் குழல் அவள் கையினின்றும் நழுவி விழுகின்றது. இறுதிக் காண்டத்தில் ஹெக்டரின் உடல் நகருக்குக் கொணரப்படும்போது, அவன் தலையைக் கைகளில் தாங்கி, முதலிற் பேசுபவளும் அவளே. அதன்பின்னரே தாய் ஹெக்கூபாவும், ஹெலனும் புலம்புகின்றனர். போர் ஆடவரின் பொறுப்பு என்று தொடங்கிய பேச்சு, அப்போரின் முடிவைப் பெண்கள் சொல்லக் கேட்பதில் நிறைவுறுகின்றது.

சோல்ட்ரம் மாளிகையின் ஓவியத்தில் அந்த முடிவு இன்னும் வரவில்லை. கைகள் இணைந்தே உள்ளன. செவிலியின் அணைப்பிற் குழந்தை உள்ளது. வீரன் போகவேண்டும் என்பதை ஓவியர் மறுக்கவில்லை. போகின்றவனின் பெருமையைக் குறைக்கவுமில்லை. ஆயின், எஞ்சி நிற்பவளும் அவ்வரலாற்றின் பாதி என்பதை, அறையினுள் அனுமதிக்கப்படாத ஒருவர், அவ்வறைக்குரிய கழகத்தின் முதற் கண்காட்சிச் சுவரிலேயே எழுதிவைத்தார். இலேயா நகரிற் போர்சியா பன்முறை சென்று நின்ற ஓவியம் அழிந்தொழிந்தது. அவள் அதிற் கண்டது யாதோ, அதனை இவ்வோவியத்தின்முன் நிற்போர் இன்றும் காணலாம்.